ஒரு தங்கப் பதக்கமும் 21 மாதங்களும்: தென் கொரிய விங்கர் ஒருவரின் ராணுவக் கடமை குறித்த நிகழ்வு ஆய்வு

இந்த ஆய்வில் வருபவர்களின் பெயர்களைச் சொல்லவில்லை. விங்கர் (மைதானத்தின் ஓரத்தில் ஓடித் தாக்குபவர்), தந்தை, கோச் என்று அவரவர் இருந்த இடத்தை வைத்தே அழைக்கிறேன். கால்பந்து பார்ப்பவர்களுக்கு விங்கர் யார் என்பது சீக்கிரமே பிடிபட்டுவிடும். அவர் அடித்த கோல்களைப் பற்றி ஏற்கெனவே நிறைய எழுதிவிட்டார்கள். ஆறு ஆண்டுகளில் நான்கு முறை, கட்டாய ராணுவப் பணியிலிருந்து விடுபட அவர் முன்னால் ஒரு கதவு திறந்தது. மூன்று முறை மூடிக்கொண்டது. நான்காவது முறை என்ன மாறியது என்பதைத்தான் இங்கே பதிவு செய்கிறேன்.

பின்னணி

1992 ஜூலையில் கங்வோன் மாகாணத்தின் சுன்ச்சோன் நகரில் பிறந்தவர். தந்தையும் தொழில்முறைக் கால்பந்து ஆடியவர். காயத்தால் முப்பது வயதுக்கு முன்பே நிறுத்த வேண்டியதாயிற்று. அந்த ஏமாற்றம்தான் மகனுக்கான பயிற்சித் திட்டத்தை வகுத்தது. சிறு வயதில் போட்டிகளில் இறக்கவே இல்லை; பந்தைக் கட்டுப்படுத்துவது, காலில் தட்டித் தட்டிக் கீழே விழாமல் வைத்திருப்பது, இவ்வளவுதான் பல வருடங்களுக்கு. அண்ணனும் தம்பியும் சண்டை போட்ட ஒருநாள், இரண்டு பேரும் நான்கு மணி நேரம் பந்தைத் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும் என்று தண்டனை. வளர்ந்த பிறகும், விடுமுறைக்கு ஊருக்கு வந்தால் வலது காலில் 500, இடது காலில் 500 என்று நாளொன்றுக்கு ஆயிரம் ஷாட்.

இதன் பலனை மைதானத்தில் பார்க்கலாம். இடது ஓரத்தில் நிற்கும் வலது கால் விங்கர் பெரும்பாலும் உள்ளே திரும்பித்தான் அடிப்பார். டிஃபெண்டர் அந்தப் பக்கத்தை அடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. இவரிடம் அது நடக்காது. வெளிப்பக்கம் தள்ளினால் இடது காலில் அடிப்பார். எந்தப் பக்கத்தை அடைப்பது என்று எதிராளி யோசிக்கும் அரை நொடிதான் இவருடைய பிழைப்பு.

2008-இல், 16 வயதில், கொரியக் கால்பந்து சங்கத்தின் வெளிநாட்டுப் பயிற்சித் திட்டத்தில் ஜெர்மனியின் ஹாம்பர்க் கிளப்புக்குப் போனார். பள்ளியை விட்டுவிட்டார். 2010 அக்டோபரில், 18 வயதில், கொலோன் அணிக்கு எதிராக ஜெர்மனியின் முதல்நிலை லீகான பண்டஸ்லிகாவில் முதல் கோல். 2011 ஜனவரியில் தோஹாவில் நடந்த ஆசியக் கோப்பையில் தேசிய அணிக்காக முதல் கோல். அது இந்தியாவுக்கு எதிராக வந்தது என்பதை நம்மில் சிலர் மறந்திருக்கலாம். கொரியா 4-1 என்று வென்ற ஆட்டம் அது. 2013-இல் ஜெர்மனியின் இன்னொரு கிளப்பான லெவர்குசன், 2015-இல் லண்டனின் டாட்டன்ஹாம்.

சட்டம் சொல்வது

உடல் தகுதியுள்ள கொரிய ஆண் ஒவ்வொருவரும் ராணுவத்தில் பணியாற்ற வேண்டும். நாம் பேசும் காலத்தில் தரைப்படைக்கு 21 மாதங்கள். பொதுவாக 28 வயதுக்குள் சேர்ந்துவிட வேண்டும். விளையாட்டு வீரர்களுக்கு 1973 முதல் ஒரு சலுகை உண்டு. ஒலிம்பிக்கில் எந்தப் பதக்கம் வாங்கினாலும் சரி. ஆசிய விளையாட்டுப் போட்டியில் தங்கம் மட்டுமே. அப்படி வாங்கியவர் முழுப் பணிக்குப் பதிலாகச் சில வார அடிப்படைப் பயிற்சி எடுத்துக்கொண்டு, 34 மாதங்கள் தன் துறையிலேயே தொடரலாம். அந்தக் காலத்துக்குள் 544 மணி நேரம் சமூகப் பணியும் செய்ய வேண்டும். ‘விலக்கு’ என்று எல்லோரும் சொன்னாலும் சட்டப்படி இது மாற்றுப் பணிதான். 2002 உலகக் கோப்பை அணிக்குத் தனியாக ஒரு சலுகை கிடைத்தது. பின்னர் அந்த வழி மூடப்பட்டுவிட்டது.

ராணுவத்துக்கென்றே ஒரு கால்பந்து அணி, சங்மு, உள்ளூர் லீகில் ஆடுகிறது. உள்நாட்டில் ஆடுபவர்களுக்கு அது நல்ல ஏற்பாடு. ஐரோப்பாவில் இருப்பவருக்கோ, அதில் சேர முதலில் ஊர் திரும்பி உள்ளூர் கிளப் ஒன்றில் ஆட வேண்டும், அப்புறம் ராணுவ வருடங்கள். ஆக மொத்தம் 26 முதல் 28 வயது வரை ஐரோப்பாவில் இருக்க முடியாது. வேகத்தை நம்பி ஆடும் விங்கருக்கு அதுதான் உச்சக் காலம்.

இன்னொரு சிக்கல், ஆய்வின் மையமே அதுதான். கிளப்புகள் வீரர்களை விட்டே ஆக வேண்டிய தேதிகளை உலகக் கால்பந்துக் கூட்டமைப்பான ஃபிஃபா ஒரு நாட்காட்டியாக வைத்திருக்கிறது; ஒலிம்பிக்கும் ஆசிய விளையாட்டும் அதில் இல்லை. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்குக்கு முன் இந்தக் கேள்வி லோசானில் உள்ள விளையாட்டு நடுவர் மன்றம் வரை போனது. வீரரை விடுவிக்கும் கடமை கிளப்புக்கு இல்லை என்று தீர்ப்பு வந்தது. ஆக, பதக்கம் கொடுப்பது நாடு, வீரரை அனுப்பலாமா என்று முடிவு செய்வது கிளப்.

மூடிய மூன்று கதவுகள்

முதலாவது 2012 லண்டன் ஒலிம்பிக். விங்கருக்கு 20 வயது. அணியில் அவர் இல்லை. ஹாம்பர்க்கில் நிரந்தர இடம் பிடிக்கப் போராடிக்கொண்டிருந்த காலம் அது. ஆகஸ்ட் 10 அன்று கார்டிஃபில் நடந்த வெண்கலப் பதக்க ஆட்டத்தில் கொரியா ஜப்பானை 2-0 என்று வென்றது. அந்த ஆட்டத்தின் கடைசி நிமிடங்களில் நடந்த ஒரு மாற்றத்தைக் கவனியுங்கள். அதுவரை தொடரில் ஒரு நிமிடம்கூட ஆடாத டிஃபெண்டர் ஒருவரை 89-ஆவது நிமிடத்தில் கோச் இறக்கினார். களத்தில் கால் வைத்தவருக்குத்தான் சலுகை என்பது அப்போதைய விதி. விசில் ஊதிய நேரத்தில் அந்த டிஃபெண்டரின் அடுத்த இரண்டு வருடங்கள் மாறியிருந்தன. ஆட்டத்துக்குள் இன்னோர் ஆட்டமும் நடக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான காட்சி எனக்குத் தெரியவில்லை.

இரண்டாவது 2014 இன்சியோன் ஆசிய விளையாட்டு. சொந்த மண், சொந்த ரசிகர்கள், விங்கருக்கு 22 வயது. கொரியக் கால்பந்து சங்கம் கேட்டது, லெவர்குசன் மறுத்தது. சீசன் நடுவில், சாம்பியன்ஸ் லீக் ஆட்டங்கள் இருக்கும்போது முக்கிய வீரரை விட அவர்கள் தயாராக இல்லை. கிளப்பின் பக்கத்திலிருந்து பார்த்தால் அதில் குற்றம் காண முடியாது. விதி அவர்களுக்கு அந்த உரிமையைத் தந்திருந்தது. அக்டோபர் 2 இறுதி ஆட்டத்தில் கொரியா, கூடுதல் நேரத்தின் கடைசிக் கணத்தில் அடித்த கோலால் வட கொரியாவை 1-0 என்று வென்றது. அணியில் இருந்தவர்களுக்கெல்லாம் சலுகை கிடைத்தது. அவர் ஜெர்மனியில் இருந்தார்.

மூன்றாவது 2016 ரியோ. இந்த முறை டாட்டன்ஹாம் விட்டது. ஒலிம்பிக் அணி 23 வயதுக்கு உட்பட்டோருக்கானது. வயது கடந்த மூன்று பேரைச் சேர்க்கலாம், அந்த மூவரில் ஒருவராகப் போனார். ஃபிஜியை 8-0 என்று வென்று, ஜெர்மனியுடன் 3-3 சமன் செய்து, மெக்சிகோவை 1-0 என்று வீழ்த்திக் காலிறுதிக்கு வந்தார்கள். பெலோ ஒரிசோன்ட்டேயில் ஹோண்டுராஸ். கொரியா தாக்கிக்கொண்டே இருந்தது, விங்கருக்கே பல வாய்ப்புகள் வந்தன, ஒன்றும் கோலாகவில்லை. எதிரணி ஒரு திடீர் எதிர்த்தாக்குதலில் அடித்தது. 0-1. புல்லில் விழுந்து அழுதார். தோல்விக்குத் தானே காரணம் என்று பிறகு சொன்னார்.

அந்தக் கோடையில் டாட்டன்ஹாமில் அவருடைய நிலையும் சரியில்லை, ஜெர்மனிக்கே திரும்பிவிடும் எண்ணம் இருந்தது. தங்கிவிட்டார். செப்டம்பரில் இங்கிலாந்தின் பிரீமியர் லீகின் மாதச் சிறந்த வீரர் விருது கிடைத்தது. ஆசியர் ஒருவர் அதைப் பெற்றது அதுவே முதல் முறை. ஆனால் கடிகாரம் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

2018: என்ன முடிவெடுத்தார்கள், ஏன்

2018 கோடையில் அவருக்கு 26. அடுத்த ஒலிம்பிக் 2020 ஜூலை இறுதியில் என்பது அப்போதைய திட்டம், அதாவது 28 வயது முடிந்த பிறகு. நடைமுறையில் ஜகார்த்தா-பலெம்பாங் ஆசிய விளையாட்டுதான் கடைசி வாய்ப்பு.

ஜூன் 27 அன்று கசானில் உலகச் சாம்பியன் ஜெர்மனியைக் கொரியா 2-0 என்று தோற்கடித்தது. எதிரணி கோல்கீப்பர் முன்னேறி வந்துவிட்ட வேளையில், காலியான கோலை நோக்கிப் பாதி மைதானம் ஓடி இரண்டாவது கோலை அடித்தவர் நம் விங்கர்தான். உலகமே பார்த்த கோல். ராணுவச் சட்டத்தின் கண்ணில் அதற்கு மதிப்பில்லை.

ஜூலை 20 அன்று டாட்டன்ஹாம் அவருடன் 2023 வரை புதிய ஒப்பந்தம் போட்டது. ஆசிய விளையாட்டில் என்ன நடக்கும் என்று தெரிவதற்கு முன்பே. தோற்றிருந்தால், அந்த ஐந்து வருடங்களில் கிட்டத்தட்ட இரண்டு வருடம் வீரர் இல்லாமல் போயிருப்பார். ஒப்பந்தம் போட்ட அன்றே கிளப் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது என்று நான் வாசிக்கிறேன்: இனி அந்தத் தங்கம் கிளப்புக்கும் தேவை.

அடுத்தது சங்கத்துடன் செய்துகொண்ட ஏற்பாடு. ஆகஸ்டில் வீரரை விடுவிப்பதாகக் கிளப் ஒப்புக்கொண்டது. பதிலுக்கு, நவம்பர் மாத சர்வதேச ஆட்டங்களுக்கு அவரை அழைக்கக் கூடாது. 2019 ஜனவரி ஆசியக் கோப்பையில் முதல் இரண்டு ஆட்டங்களுக்கும் அவர் இருக்க மாட்டார். இரண்டுமே கிளப் மறுக்க முடியாத ஆட்டங்கள். அதாவது, தன் கையில் சட்டப்படி இருந்த ஒன்றைச் சங்கம் விட்டுக்கொடுத்து, கையில் இல்லாத ஒன்றை வாங்கியது. 2014-இல் வேண்டுகோள் மட்டும்தான் இருந்தது, 2018-இல் தேதி போட்ட கொடுக்கல் வாங்கல் இருந்தது. வித்தியாசம் அவ்வளவுதான்.

ஆகஸ்ட் 11 அன்று நியூகாசிலில் லீகின் முதல் ஆட்டத்தில் மாற்று வீரராக இறங்கினார். அங்கிருந்து நேராக இந்தோனேசியா.

தொடர்

கேப்டன் பட்டை அவர் கையில். முதல் ஆட்டத்தில் பஹ்ரைனை 6-0 என்று வென்றார்கள், அவர் ஆடவில்லை. இரண்டு நாள் கழித்து மலேசியாவிடம் 1-2 தோல்வி. பலரை மாற்றி இறக்கிய ஆட்டம் அது. தோற்றதால் குழுவில் இரண்டாமிடம், அதனால் அடுத்த சுற்றிலேயே ஈரான், பிறகு உஸ்பெகிஸ்தான் என்று கடினமான பாதை. ஒரே இரவில் எல்லாம் தலைகீழாகத் தெரிந்தது.

இங்கே கவனிக்க வேண்டியது, அவர் ஆட்டத்தை மாற்றிக்கொண்ட விதம். கிளப்பில் பின்னாலிருந்து வரும் பந்தைத் துரத்தி ஓடுபவர், இங்கே கீழிறங்கி வந்து பந்தை வாங்கி மற்றவர்களை ஓடவிட்டார். எதிரணி இரண்டு மூன்று பேரை அவர் மேல் போட்டது. அந்த நெரிசல் வேறோர் இடத்தில் வெற்றிடத்தை உண்டாக்கியது. முழுத் தொடரிலும் அவர் அடித்தது ஒரே கோல். கிர்கிஸ்தானுக்கு எதிராக, கார்னரிலிருந்து வந்த பந்தைக் கீழே விழவிடாமல் அடித்தது. அந்த ஆட்டம் 1-0.

கோல்களை அடித்தவர், இங்கும் அனுமதிக்கப்பட்ட வயது கடந்த மூவரில் இன்னொருவரான முன்கள வீரர், மொத்தம் ஒன்பது. அவரைத் தேர்ந்தெடுத்தபோது, பழைய கிளப்பில் தன்னிடம் ஆடியவர் என்பதால்தான் கோச் எடுத்தார் என்று ஊரெல்லாம் பேசியது. உஸ்பெகிஸ்தானுக்கு எதிரான காலிறுதியில் அவர் ஹாட்ரிக் அடித்து, கூடுதல் நேரத்தில் பெனால்டியும் வாங்கித் தந்தார். 4-3. அப்புறம் யாரும் பேசவில்லை.

செப்டம்பர் 1, பொகோர் அருகே பகன்சாரி மைதானம். எதிரே ஜப்பான், அவர்கள் 2020 ஒலிம்பிக்கை மனத்தில் வைத்து 21 வயதுக்கு உட்பட்டவர்களை மட்டும் அனுப்பியிருந்தார்கள். 90 நிமிடமும் கோல் இல்லை. கூடுதல் நேரம் தொடங்கிய மூன்றாவது நிமிடத்தில், விங்கர் இடப்பக்கத்திலிருந்து பந்தை உருட்டிக்கொண்டு பாக்ஸுக்குள் நுழைந்தார். அடிக்கக் காலைத் தூக்கப்போகும் நேரம். பின்னாலிருந்து 20 வயது சக வீரன் ஒருவன் “நகருங்க, நகருங்க” என்று கத்தினானாம், இவர் விலகிக்கொண்டார். அவன் இடது காலால் ஓங்கி அடித்தான், வலை குலுங்கியது. தன் வாழ்க்கையின் ஆறு வருடக் கணக்கு அந்தப் பந்தில் இருந்தது, அதை விட்டு ஒதுங்க முடிந்ததே என்று இன்றும் நான் வியக்கிறேன். 101-ஆவது நிமிடத்தில் அவர் தூக்கிக் கொடுத்த ஃப்ரீ கிக்கை இன்னொரு முன்கள வீரர் தலையால் முட்டி உள்ளே அனுப்பினார். ஜப்பான் ஒன்றைத் திருப்பியது. 2-1. தங்கம்.

கொடுத்த விலை

பதக்கத்தோடு கதையை முடித்தால் பாதி உண்மைதான் சொன்னதாகும்.

அவர் இல்லாத மூன்று லீக் ஆட்டங்களில் டாட்டன்ஹாம் இரண்டை வென்று ஒன்றில் தோற்றது. கிளப்புக்கு நஷ்டம் சிறியது. உடம்புக்கு அப்படியில்லை. உலகக் கோப்பை, அமெரிக்கச் சுற்றுப்பயணம், லீக் தொடக்கம், இந்தோனேசியா, இறுதி ஆட்டம் முடிந்த ஆறாவது நாள் சொந்த நாட்டில் நட்பு ஆட்டம், அதற்கு நான்கு நாள் கழித்து இன்னொன்று, பிறகு லண்டன். அந்த சீசனில் அவருடைய முதல் லீக் கோல் வரவே நவம்பர் 24 ஆகிவிட்டது. செல்சிக்கு எதிராக, வலது ஓரத்தில் பந்தை வாங்கிப் பாதி மைதானம் தனியாக ஓடி அடித்த கோல். அதற்குச் சற்று முன்புதான் நவம்பர் சர்வதேச இடைவெளி. ஒப்பந்தப்படி அவர் ஊருக்குப் போகவில்லை, பல மாதங்களில் முதல் முறையாக ஓய்வெடுத்தார். இரண்டுக்கும் தொடர்பு இருக்கிறது என்றே நினைக்கிறேன்.

ஜனவரி 13 அன்று மான்செஸ்டர் யுனைடெட்டுடன் லீக் ஆட்டம். 16 அன்று அபுதாபியில், ஆசியக் கோப்பையில் சீனாவுக்கு எதிராக முதல் நிமிடத்திலிருந்தே களத்தில். அந்த ஆட்டத்தை வென்றார்கள், காலிறுதியில் கத்தாரிடம் 0-1 என்று வெளியேறினார்கள். அவர் கால்கள் கனத்திருந்தது பார்த்தவர்களுக்குத் தெரிந்தது. ஆகஸ்டில் வாங்கிய கடனை ஜனவரியில் தேசிய அணி அடைத்தது என்று சொல்லலாம்.

உலகக் கால்பந்து வீரர்கள் சங்கமான ஃபிஃப்ப்ரோ 2019-இல் வேலைப்பளு பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டபோது இவரையே உதாரணமாக எடுத்தது: ஓராண்டு சொச்சத்தில் 78 ஆட்டங்கள், தேசிய அணிக்காக 1,10,000 கிலோமீட்டருக்கு மேல் பயணம்.

கடமையின் மீதி

2020 பிப்ரவரியில் ஆஸ்டன் வில்லாவுக்கு எதிரான ஆட்டத்தின் ஆரம்பத்திலேயே வலது கை எலும்பு முறிந்தது. அதோடு ஆடி இரண்டு கோல் அடித்தார். சியோலில் அறுவை சிகிச்சை. மார்ச்சில் கொரோனாவால் லீக் நின்றது. இங்கே எடுத்த முடிவு எனக்கு மிகவும் பிடித்தது. எப்படியும் முடிக்க வேண்டிய அடிப்படைப் பயிற்சியை ஒரு கோடை விடுமுறைக்குத் தள்ளிப்போட்டிருக்கலாம். அவரும் கிளப்பும் அந்தச் சும்மா இருந்த வாரங்களையே பயன்படுத்தினார்கள். ஊர் வந்து தனிமைப்படுத்தல் முடித்து, ஏப்ரல் 20 அன்று ஜேஜு தீவில் கடற்படைக் காலாட்படையின் 9-ஆவது படைப்பிரிவில் சேர்ந்து, மே 8 அன்று முடித்தார். 157 பேர் பயிற்சி பெற்றதில் சிறந்தவர்களுக்கான ஐந்து விருதுகளில் ஒன்று அவருக்கு. லீக் மறுபடி தொடங்கி, ஜூன் 19 அன்று டாட்டன்ஹாம் தன் முதல் ஆட்டத்தை ஆடியபோது முதல் பதினொருவரில் இருந்தார். ஓர் ஆட்டம்கூட அதற்காகத் தவறவில்லை.

பதக்கம் இல்லாதிருந்தால் சீருடையில் கழிந்திருக்கக்கூடிய 2020-21 சீசனில் அவர் அடித்த லீக் கோல்கள் 17. அடுத்த சீசனில் 23, ஒன்றுகூட பெனால்டி இல்லை. பிரீமியர் லீகில் அதிக கோல் அடித்தவருக்கான கோல்டன் பூட்டைப் பகிர்ந்துகொண்டார்.

நியாயம் பற்றிய கேள்வி

இதை மறைக்கக் கூடாது. அதே ஆசிய விளையாட்டில் பேஸ்பால் அணித் தேர்வு பெரிய சர்ச்சையானது. ராணுவம் முடிக்காதவர்களுக்காகவே இடம் ஒதுக்கினார்களா என்று தலைமைப் பயிற்சியாளரை நாடாளுமன்றத்தில் கூப்பிட்டுக் கேட்டார்கள். ஒரு தொழிற்சாலை இளைஞனின் 21 மாதமும் அவனுக்கு அதே மதிப்புள்ளதுதான். விங்கரின் விஷயத்தில் அந்தக் கோபம் எழாததற்கு, தோற்ற ரியோவில் அவர் அழுததை மக்கள் பார்த்திருந்ததும் ஒரு காரணம். ஆனால் மக்கள் அனுதாபத்தை நம்பி ஒரு விதி நிற்கக் கூடாது.

எதை மாற்றலாம்

முதலில் ஒப்பந்தம். 2013-இல் லெவர்குசன் போனபோதே, அடுத்த ஆண்டு இன்சியோன் ஆசிய விளையாட்டு இருப்பது எல்லோருக்கும் தெரியும். கையெழுத்திடும் நாளில்தான் வீரரின் பேச்சுக்கு மதிப்பு அதிகம். விடுவிப்பு பற்றிய வரி அன்றைக்கே எழுதப்பட வேண்டும். கிளப்புக்கும் அது நல்லது, ஏனென்றால் 28 வயதில் வீரரை இழக்கும் அபாயம் அவர்கள் முதலீட்டிலும் இருக்கிறது.

சங்கத்தைப் பொறுத்தவரை, 2018-இல் செய்த பண்டமாற்றை 2014-இலேயே செய்து பார்த்திருக்கலாம். விட்டுக்கொடுக்க அவர்களிடம் அன்றும் ஆட்டங்கள் இருந்தன. அதோடு, பதக்கம் வென்று வந்தவரை ஆறே நாளில் நட்பு ஆட்டத்தில் இறக்கியது தேவையில்லாதது. அந்த இரண்டு ஆட்டங்களையும் ஏற்பாட்டிலேயே சேர்த்துக் கழித்திருக்க வேண்டும்.

2023-இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டின்போது, பாரிஸ் செயின்ட் ஜெர்மெயினில் அப்போதுதான் சேர்ந்திருந்த 22 வயது இளம் கொரிய வீரர் ஒருவருக்கும் இதே பேச்சுவார்த்தை கடைசி வாரம் வரை இழுத்தது. செப்டம்பர் 19 அன்று டார்ட்மண்ட் அணியுடனான சாம்பியன்ஸ் லீக் ஆட்டத்தில் இறங்கிவிட்டு, 21 அன்று சீனாவில் அணியுடன் சேர்ந்தார். தொடர் ஏற்கெனவே தொடங்கியிருந்தது. அக்டோபர் 7 அன்று ஜப்பானை மீண்டும் 2-1 என்று வென்று தங்கம் வாங்கினார்கள். அவர் கணக்கு 22 வயதிலேயே தீர்ந்தது.